எண்ணாகமம் 7ல இருந்து என்ன எடுத்துக்கிறீங்க?

கேள்வி: பைபிள்ல எண்ணாகமம் 7ம் அதிகாரத்துல நிக்கிறேன், 89 வசனம், இஸ்ரவேலோட 12 கோத்திரத் தலைவர்களும் கொண்டு வர்ற காணிக்கை, அதே 130 சேக்கல் (அந்தக் கால எடை) வெள்ளித்தாலம், அதே 10 சேக்கல் பொன் தூபகரண்டின்னு திரும்ப திரும்ப வருது, தாண்டிப் போக மனசு வரல ஆனா தேவன் இதுல என்ன பேசுறார்னு புரியல. சொல்லுங்களேன்.

பதில்: பிரதர், சத்தமா வாசிச்சுப் பாருங்க. மத்தவங்களும் அப்படியேன்னு ஒரே வரில முடிச்சிருக்கலாம்ல, ஆனா ஒவ்வொருத்தருக்கும் தனி நாள், தனி பேரு, முதல் நாள் வந்த நகசோனோட காணிக்கைய எழுதின மாதிரியே பன்னிரண்டாம் நாள் வந்த அகீராவோடதையும் ஒண்ணு விடாம எழுதியிருக்கு. கடைசியா வந்தவன்னு தேவன் அவசரப்படல. அதைப் பார்த்தப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

பதில்: நெகேமியா 3ம் படிங்க சிஸ்டர், பிரதர் எல்லாரும். வெறும் எருசலேம் மதில் கட்டினவங்க லிஸ்ட்னு நினைச்சேன், 12ம் வசனத்துல சல்லூமோட அவன் குமாரத்திகளும் நிக்கிறாங்க!

பதில்: ஒவ்வொரு நம்பருக்கும் ரகசிய அர்த்தம் மட்டும் தேடாதீங்க, ப்ளீஸ்.

கேள்வி கேட்டவர்: நன்றி, ராத்திரி முதல்ல இருந்து வாசிக்கிறேன்.