விரிவோட்டம், தன்னோட்டம், உரித்திசைவேகம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கான அண்டவியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'பெக்யூலியர் வெலாசிட்டி' என்னும் ஒரு சொல்லிலேயே மூன்று நாளாக நிற்கிறேன். விண்மீன் திரள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது இடையிலுள்ள வெளி விரிவதால். அவ்விரிவு 10 இலட்சம் பார்செக் (ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு) தொலைவுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 70 கி.மீ. அதற்கு மேல், அக்கம்பக்கத்து ஈர்ப்பால் ஒவ்வொரு திரளுக்கும் வாய்க்கும் வேகத்துக்குத்தான் பெயர் தேடுகிறேன். பலூனில் மையால் பொட்டுகள் வைத்து, ஊதி, விரிவைக் காட்டியபோது, "அப்படியானால் பக்கத்துத் திரளான ஆண்ட்ரோமெடா ஏன் நம்மை நோக்கி வருகிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஊதும் பலூன் மேல் ஓர் எறும்பு நடப்பதாக எண்ணிக்கொள் என்றேன். அந்த நடைக்கு என்ன பெயர்?

'தனித் திசைவேகம்' என்று எழுதி அடித்துவிட்டேன். தனிச்சுழி வெப்பநிலை ('அப்சொல்யூட் ஜீரோ') படித்த பிள்ளைக்குத் 'தனி' என்றால் எதையும் சாராதது; சார்பியல் மறுக்கும் பொருளையே அது தந்துவிடும். 'விலகல்' என்றாலோ விரிவையே குறிக்கும்.

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்த ஆங்கிலச் சொல், ஒருவர்க்கே உரிய உடைமையைக் குறிக்கும் 'பெக்கூலியம்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் மூலம் கால்நடையைக் குறிக்கும் 'பெக்குஸ்'. நமக்கும் மாடு செல்வமே. "மாடல்ல மற்றை யவை" என்று குறள் சொல்வது அப்பொருளில்தான். ஆகவே உரிமைப் பொருளை விடக் கூடாது. தொல்காப்பியத்தின் உரிச்சொல், உரிப்பொருள் போல 'உரித்திசைவேகம்' என்க. வல்லினம் மிகுவது உட்பட இலக்கணம் முழுதும் அமைகிறது.

*

ஐயா, மாட்டைப் பற்றிய தங்கள் விளக்கத்தை வகுப்பிலும் சொன்னேன். பிள்ளைகள் விரும்பிக் கேட்டார்கள். ஆனால் சொல்லைக் கரும்பலகையில் எழுதியதும் பாதிப் பேர் தோல் உரிப்பதாகவே படித்தார்கள்.

எனக்கு வேண்டியது ஒரு சொல் அன்று, ஒரு சோடி. கோமா என்னும் திரள்கொத்து மொத்தமாக வினாடிக்கு ஏறத்தாழ 7,000 கி.மீ. வேகத்தில் விலகுகிறது, அதனுள் இருக்கும் திரள்களின் வேகமோ அந்தச் சராசரிக்கு ஆயிரம் கி.மீ. அளவு கூடியும் குறைந்தும் இருக்கிறது. 1933இல் வானியலாளர் சுவிக்கி இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுத்தான், கண்ணுக்குப் புலப்படும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அக்கொத்தைக் கட்டிவைக்கப் போதாது என்று கண்டார். இரண்டு வேகங்களும் ஒரே நிறமாலைக் கோட்டின் பெயர்ச்சியில் கலந்தே வருகின்றன. எனவே முன்னதை 'விரிவோட்டம்' என்றும் பின்னதைத் 'தன்னோட்டம்' என்றும் சொன்னால், ஒன்றைக் கேட்கும்போதே மற்றது நினைவுக்கு வரும்.

*

'தன்' என்றால் தானாக ஓடுவதாகாதா? எந்தத் திரளும் தானாக ஓடவில்லை. பால்வழி இருக்கும் உள்ளூர்க் குழு, அண்டமெங்கும் பரவியிருக்கும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சைச் சார்ந்து வினாடிக்கு 600 கி.மீ.க்கு மேல் செல்வதும் பிறவற்றின் ஈர்ப்பால்தான். உடைமை வேறு, செயல் வேறு.

*

ஐயாவின் தடை சரியானது. அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆயினும் மடல் எழுதியவர்களில் பெரும்பாலோர் தன்னோட்டத்தையே ஏற்றிருப்பதால் அதைக் கையேட்டின் உடற்பகுதியில் வைத்து, 'உரித்திசைவேகம்' என்பதை அடிக்குறிப்பில் தருகிறேன்.

*

அச்சேறட்டும். ஒப்புதல் தந்தவர்களோடு என் பெயரைச் சேர்க்க வேண்டாம்.