ஒரே பிட் ஸ்டாப்பில் முடிக்கலாம் என்று அணிகள் எதை வைத்து முடிவு செய்கின்றன?

பிட்சுவர் (கேள்வி)

மூன்று ஃபார்முலா 1 பந்தயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் முதலில் கோட்டைத் தாண்டியவர் ஒரே தடவைதான் பிட்டில் நின்று டயர் மாற்றினார்.

2024 மொன்ஸா: ஃபெராரியின் லெக்லேர் 15ஆவது சுற்றில் ஹார்ட் டயர் (இருப்பதிலேயே கடினமான ரப்பர்) மாட்டி, மீதி 38 சுற்றையும் அதிலேயே ஓட்டி ஜெயித்தார். வேகமான கார் வைத்திருந்த மெக்லாரன் இரண்டு தடவை நின்று கோட்டைவிட்டது.

2024 ஸ்பா: மெர்சிடிஸின் ரசல் 10ஆவது சுற்றில் நின்றார், ஒரே ஹார்ட் செட்டில் 34 சுற்று. ஜெயித்த பிறகு எடை குறைவென்று தகுதிநீக்கம்.

2020 சில்வர்ஸ்டோன்: சேஃப்டி காரின்போது (விபத்து நடந்தால் எல்லாரையும் தன் பின்னால் மெதுவாக ஓட வைக்கும் கார்) 13ஆவது சுற்றில் மாட்டிய ஹார்ட் டயர், கடைசிச் சுற்றில் ஹாமில்டனைக் கைவிட்டது. மூன்று சக்கரத்தில் வந்து ஜெயித்தார். அதேபோல டயர் போன போட்டாஸுக்கும் சைன்ஸுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

என் கேள்விகள்: (அ) ஒரு ஸ்டாப்பா இரண்டா என்பதை நாமே கணக்குப் போட வழி உண்டா? (ஆ) லேப் டைம் ஏறாமல் ஒரே சீராக இருந்தால் டயர் தேயவில்லை என்று அர்த்தமா? (இ) டிவியில் காட்டும் டயர் சதவீதத்தை நம்பலாமா?

---

லேப்சார்ட்

(இ)யை முதலில் முடித்துவிடுகிறேன்: நம்ப வேண்டாம். அது அமேசான் வெப் சர்வீசஸ் வெளியிலிருந்து போடும் மதிப்பீடு. அணிகள் கையில் இருக்கும் தரவு அது இல்லை.

மற்ற இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. தேய்மானம் வேறு, டெக்ரடேஷன் வேறு. ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் போனது என்பது தேய்மானம். சுற்றுக்கு எத்தனை வினாடி போனது என்பது டெக்ரடேஷன். எல்லாரும் சொல்வதுபோல 'டெக்' என்றே வைத்துக்கொள்வோம். ரப்பர் முக்கால்வாசி மிச்சமிருக்கும்போதே சூடேறிச் செத்துப்போன டயர் உண்டு. பாதிக்கு மேல் தேய்ந்தும் நன்றாக ஓடுகிற டயரும் உண்டு, ஏனென்றால் ரப்பர் மெலிந்தால் அதன் நெளிவு குறைகிறது, உள்ளே உண்டாகும் சூடும் குறைகிறது. ரொம்பவும் மெலிந்துவிட்டால் சூடு தங்காமல் பிடிப்பு போய்விடும், அது அடுத்த தலைவலி.

கணக்குக்கு வருவோம். டெக் சுற்றுக்கு 0.06 வினாடி என்றால், புது டயரில் இரண்டாவது சுற்று 0.06 மெதுவாகும், மூன்றாவது 0.12, நான்காவது 0.18. ஒரு ஸ்டின்டில் (ஒரே செட் டயரில் நிற்காமல் ஓடும் ஓட்டம்) 'ந' சுற்று ஓடினால் மொத்த இழப்பு: டெக் × ந × (ந−1) ÷ 2.

மொன்ஸா 53 சுற்று. பிட் ஸ்டாப் ஒன்றுக்குச் சுமார் 24 வினாடி போகும்.

டெக்கை இப்போதைக்குப் பெருக்காமல் வைப்போம். ஒரு ஸ்டாப், 26 + 27 சுற்று: 325 + 351 = 676.
இரண்டு ஸ்டாப், 17 + 18 + 18: 136 + 153 + 153 = 442.
வித்தியாசம் 234. இதை டெக்கால் பெருக்கினால் 24ஐத் தாண்ட வேண்டும், அப்போதுதான் இரண்டாவது ஸ்டாப் லாபம். 24 ÷ 234 = 0.10.

டெக் 0.10க்குக் கீழே இருந்தால் ஒரு ஸ்டாப், மேலே போனால் இரண்டு.

ஆனால் லெக்லேர் ஓட்டியது சமபங்கு இல்லை, 15 + 38. அது 105 + 703 = 808. மெக்லாரனின் பியாஸ்ட்ரி 16, 38ஆவது சுற்றுகளில் நின்றார், அதாவது 16 + 22 + 15 சுற்று: 120 + 231 + 105 = 456. வித்தியாசம் 352. எல்லை 0.068க்கு இறங்கிவிடுகிறது. சீக்கிரம் நின்றால் ஒரு ஸ்டாப்பில் தப்புக் கணக்குக்கு இடமே இல்லை என்பது இதில் தெரியும்.

இப்போது (ஆ). எரிபொருள் குறையக் குறையக் கார் வேகமாகும். 10 கிலோவுக்கு 0.3 வினாடி என்பது பொதுவான கணக்கு. 2024 மொன்ஸாவில் சுற்றுக்குச் சுமார் 2 கிலோ எரிந்தது, அதனால் சுற்றுக்கு 0.06 இலவசமாகக் கிடைத்தது. லேப் டைம் நேர்கோடாகப் போனால் டெக் பூஜ்யம் இல்லை, 0.06. அதை எரிபொருள் மறைக்கிறது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் லாங் ரன் (ஒரே டயரில் தொடர்ந்து பல சுற்று ஓடுவது) பார்க்கும்போது இந்த 0.06ஐக் கூட்டாமல் பேசுகிறவர்களே அதிகம்.

---

கருப்புத்தோல்

லேப்சார்ட் கணக்கு சரி. ஆனால் அதே கணக்கு மெக்லாரன் பிட்வாலிலும் (அணியின் வியூகக்காரர்கள் உட்காரும் இடம்) இருந்ததே? அங்கே ஏமாற்றியது டெக்கின் வடிவம்.

மொன்ஸாவில் 2024இல் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். வழுவழுப்பான தார், முன்பக்க இடது டயரில் கிரெயினிங். கர்வா கிராண்டே, இரண்டு லெஸ்மோ, பரபோலிகா என்று நீளமான வளைவெல்லாம் வலப்பக்கம் என்பதால் பாரம் முழுக்க இடது முன் டயருக்கு. டயர் வழுக்கும்போது மேல் ரப்பர் கிழிந்து, சப்பாத்தி மாவு கையில் உருள்வதுபோல உருண்டு, மேலேயே ஒட்டிக்கொள்கிறது. தரையைத் தொடுவது அந்த உருண்டைகள்தான். பிடிப்பு போகும், லேப் டைம் திடீரென்று ஏறும்.

பார்க்க டயர் முடிந்துபோனது மாதிரியே இருக்கும். ஆனால் கிரெயினிங் சில சமயம் ஆறும். ஓட்டுநர் நாலைந்து சுற்று ஸ்டியரிங்கைக் குறைவாகத் திருப்பி, வளைவுக்குள் நுழையும் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் உருண்டைகள் தேய்ந்து மேற்பரப்பு சமமாகும், டைம் திரும்பி வரும். அந்தச் சரிவு கடைசிவரை போகும் என்று நினைத்தால் இரண்டு ஸ்டாப், ஆறிவிடும் என்று நினைத்தால் ஒன்று. ஃபெராரி பந்தயம் கட்டியது ஆறிவிடும் என்பதில். கடைசியில் லெக்லேருக்கும் பியாஸ்ட்ரிக்கும் வித்தியாசம் 2.6 வினாடி. பியாஸ்ட்ரி வழியில் சைன்ஸையும் கடக்க வேண்டியிருந்தது. ஃபெராரியின் இன்னொரு ஓட்டுநரான சைன்ஸும் ஒரு ஸ்டாப்தான். இரண்டாவது காரைப் பியாஸ்ட்ரிக்கு முன்னால் ஓடவிட்டதற்கும் அந்த வெற்றியில் பங்குண்டு.

பிளிஸ்டரிங் இப்படி ஆறாது. அங்கே சூடு உள்ளேயிருந்து வருகிறது, ரப்பர் கொப்பளித்துத் துண்டாகப் பிய்ந்து போகிறது. போனது போனதுதான்.

---

தராசு

ஸ்பா விஷயம் பலருக்கும் நம்ப முடியாததாக இருக்கிறது, அதனால் எண்ணாகவே போடுகிறேன்.

2024இல் குறைந்தபட்ச எடை 798 கிலோ. ஓட்டுநர் உண்டு, மாட்டியிருக்கும் டயர் உண்டு, எரிபொருள் கிடையாது. ரசலின் காரை முதலில் எடை போட்டபோது சரியாக 798.0. தொட்டியிலிருந்து 2.8 லிட்டர் இறக்கியபின் 796.5.

அந்த வருட டயரின் குறுக்களவு 720 மி.மீ., சுற்றளவு சுமார் 2.26 மீட்டர். முன் டயர் அகலம் 305, பின் டயர் 405. தரையில் படும் பகுதி அதைவிடக் குறைவு, 270, 375 என்று உத்தேசமாக வைப்போம். 1 மி.மீ. ரப்பர் போனால் முன் டயரில் சுமார் 0.6 லிட்டர், பின் டயரில் 0.85 லிட்டர். ரப்பர் அடர்த்தி 1.1 என்றால் நான்கு டயரும் சேர்த்து ஏறக்குறைய 3.2 கிலோ. ஆக 1.5 கிலோ என்பது சராசரியாக அரை மில்லிமீட்டர் ரப்பர்! 34 சுற்று ஓடிய செட்டுக்கும், இரண்டு ஸ்டாப் போட்டவர்களின் கடைசி செட்டுக்கும் இடையே அந்த அரை மில்லிமீட்டர் இருப்பது அதிசயம் இல்லை. இதோடு அடிப்பலகைத் தேய்மானம், ஓட்டுநரின் வியர்வை எல்லாம் சேரும்.

மற்ற தடங்களில் கொடி விழுந்ததும் ஒரு சுற்று மெதுவாக வருவார்கள். ஓரத்தில் கிடக்கும் ரப்பர் துணுக்குகள் மேல் வேண்டுமென்றே ஓட்டி டயரில் ஒட்ட வைத்துக்கொள்வது வழக்கம். ஸ்பா சுற்று 7 கிலோமீட்டர். அங்கே அந்த முழுச் சுற்று கிடையாது, முதல் வளைவு தாண்டியதும் திரும்பி பிட் லேனுக்குள் வந்துவிடுவார்கள். வழக்கமாகக் கிடைக்கும் ஒட்டுரப்பர் எடையும் கிடைக்கவில்லை.

அன்று காலை ரசலின் அணி ஒரு ஸ்டாப் திட்டத்தில் இல்லை, அதற்கேற்ற எடையும் காரில் வைக்கவில்லை. வியூகத்தைப் பாதியில் மாற்றும்போது தராசையும் நினைக்க வேண்டும்.

---

பிட்சுவர்

அரை மி.மீ. கணக்கு தலைசுற்ற வைக்கிறது. ஒன்று கேட்கிறேன்: சில்வர்ஸ்டோனில் லேப் டைம் சரியாகத்தானே இருந்தது? டெக் குறைவாக இருந்தும் டயர் ஏன் போனது?

---

கருப்புத்தோல்

லேப்சார்ட் சொன்ன தேய்மானம்–டெக் வித்தியாசத்துக்கு உதாரணமே அதுதான். டைம் போகவில்லை, ரப்பர் போனது.

அன்று டயர் தரும் நிறுவனமான பிரெல்லி கொண்டுவந்தது சி1, சி2, சி3 (எண் கூடக் கூட ரப்பர் மென்மை). ஹார்டாகிய சி1 லேசில் டெக் ஆகாது. 13ஆவது சுற்றில் கிட்டத்தட்ட எல்லாரும் மாட்டிக்கொண்டு, மீதி 39 சுற்றையும் அதில் ஓட்டத் துணிந்தார்கள். காப்ஸ், ஸ்டோவ் போன்ற அதிவேக வலது வளைவுகளில் இடது முன் டயர் வாங்கும் அடி அதிகம். அந்த வருடக் கார்கள் இன்னும் வேகம், ஆனால் டயர் கட்டுமானம் 2019இல் இருந்ததே. மேலே ரப்பர் மெலிந்ததும் அடியிலிருக்கும் கட்டுக்குப் பாதுகாப்பு இல்லை. மூன்று காரிலும் போனது அதே இடது முன் டயர். நீளமான ஸ்டின்டும் மிக அதிகமான விசையும் சேர்ந்ததுதான் காரணம் என்று பிரெல்லி சொன்னது.

அடுத்த வாரம் அதே தடத்தில் நடந்ததையும் பாருங்கள். குறைந்தபட்சக் காற்றழுத்தத்தை முன்பக்கம் 25இலிருந்து 27 பிஎஸ்ஐ, பின்பக்கம் 21இலிருந்து 22 ஆக்கினார்கள். டயரும் ஒரு படி மென்மை: சி2, சி3, சி4. அழுத்தம் கூடினால் கட்டுமானத்துக்கு நல்லது, ஆனால் டயரின் நடுப்பகுதி உப்பி, தரையில் படும் பரப்பு சுருங்கி, அங்கே சூடு குவியும். மெர்சிடிஸ் காருக்கு பிளிஸ்டரிங். ஹார்டில் நான்காவது இடத்திலிருந்து கிளம்பிய வெர்ஸ்டப்பன் முதல் ஸ்டின்டை 26ஆவது சுற்றுவரை இழுத்து, இரண்டு ஸ்டாப்பில் 11 வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரு வாரம் டயர் மெலிந்து போனது, மறுவாரம் கொப்பளித்துப் போனது.

---

பழைய_மிச்செலின்

டயர் நம்பகத்தன்மை என்று பேசும்போது 2005ஐ விட்டுவிட முடியாது. அந்த வருடம் தகுதிச்சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட். பஞ்சர், சேதம் தவிர மாற்றக் கூடாது.

நூர்பர்க்ரிங்கில் ராய்க்கோனன் முன் டயரைப் பூட்டித் தட்டையாக்கிவிட்டார். தட்டையான இடம் ஒவ்வொரு உருளலிலும் சஸ்பென்ஷனைச் சுத்தியலால் அடிப்பதுபோல அடிக்கும். நின்று மாற்றினால் முதலிடம் போகும் என்று ஓட்டினார்கள். கடைசிச் சுற்றின் முதல் வளைவில் சஸ்பென்ஷன் முறிந்தது, அலோன்சோ ஜெயித்தார். டயர் பிரச்சினை உலோகப் பிரச்சினையாக மாறும் விதம் இதுதான்.

அடுத்த மாதம் இண்டியானாபோலிஸ். சாய்வான 13ஆவது வளைவில் மிச்செலின் டயர் தாங்காது என்று தெரிந்து, 14 கார்கள் ஃபார்மேஷன் சுற்றோடு (தொடக்கத்துக்கு முன் வரிசையாக ஓடும் சுற்று) பிட்டுக்குள் போய்விட்டன. ஓடியவை பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு மட்டும். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் காரில் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்த பந்தயம் அது. ஆறு பேர் ஓட்டம் என்று கிண்டல் செய்பவர்கள் செய்யட்டும், காரை முழுத்தூரமும் கொண்டுபோய்ச் சேர்த்தால்தானே புள்ளி.

---

லேப்சார்ட்

பிரேக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்பன் பிரேக்கின் சூடு ரிம்முக்குப் போய், ரிம்மிலிருந்து உள்ளிருக்கும் காற்றுக்குப் போகிறது. அழுத்தம் ஏறுகிறது, டயர் இன்னும் சூடாகிறது. முன் காரின் பின்னால் ஒட்டியே போனால் குளிர்காற்று கிடைக்காமல் இது மோசமாகும். பிட்டிலிருந்து 'லிஃப்ட் அண்ட் கோஸ்ட்' என்று சொன்னால் பெட்ரோலுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். பிரேக் பிடிக்கும் இடத்துக்கு முன்பே ஆக்சிலரேட்டரை விட்டால் பிரேக், டயர் இரண்டும் ஆறும்.

என் முதல் பதிலில் ஒரு ஓட்டை: சேஃப்டி கார். அப்போது நின்றால் இழப்பு ஏறக்குறைய பாதி. மொன்ஸாவில் 24க்குப் பதில் 12 என்றால் எல்லை 12 ÷ 234 = 0.05. 'ஒரு ஸ்டாப்தான்' என்று சொன்ன அதே டயர், அடுத்த நிமிடம் இரண்டு ஸ்டாப் கேட்கும்.

இதில் எதற்கும் யோசனையே தேவைப்படாத பந்தயம் 2025 கத்தார். ஒரு செட்டில் 25 சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது என்று பிரெல்லி விதித்திருந்தது. பந்தயம் 57 சுற்று. 7ஆவது சுற்றில் சேஃப்டி கார். 57 − 7 = 50, சரியாக இரண்டு 25. மெக்லாரன் இரண்டு காரும் உள்ளே வரவில்லை. வெர்ஸ்டப்பன் வந்தார், ஜெயித்தார்.