மனந்திரும்பிய பின்பும் பழைய குணம் தலைதூக்குகிறது: சரித்திரத்தில் இதற்கு விடை உண்டா?

காலைப்பனி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 42. வீட்டில் அளவு மீறிக் கோபப்பட்டுக் கடுஞ்சொல் பேசுவது என் குறை. கை நீட்டியதில்லை, ஆனாலும் வாசலில் என் வண்டியின் ஓசை கேட்டாலே என் மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுகிறாள். கடந்த ஆண்டு உபவாசக் கூட்டம் ஒன்றில் கண்ணீரோடு என்னை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தேன். இரண்டு மாதம் அமைதியாக இருந்தேன். பிறகு பழைய நிலைக்கே வந்துவிட்டேன்.

அண்மையில் ஒரு பிரசங்கத்தில் ஜான் நியூட்டனைப் பற்றிக் கேட்டேன். அடிமை வணிகத்தில் இருந்த அவர், ஓர் இரவுப் புயலில் மனம் மாறி, அந்தத் தொழிலை உதறிவிட்டு, ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை எழுதினார் என்றார்கள். அது எனக்கு ஊக்கம் தருவதற்குப் பதிலாகச் சோர்வைத்தான் தந்தது. அவர் ஓர் இரவில் மாறினார் என்றால், ஓர் ஆண்டாகியும் மாறாத நான் உண்மையில் மனந்திரும்பவே இல்லையோ? சரித்திரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ஏடு

சகோதரரே, நீங்கள் கேட்ட கதையில் நாற்பது ஆண்டுகள் விடுபட்டிருக்கின்றன.

புயல் உண்மை. 1748 மார்ச்சில், வட அட்லாண்டிக் கடலில் ‘கிரேஹவுண்ட்’ என்ற கப்பல் உடைந்து நீர் புகுந்தபோது, நியூட்டன் நீரை இறைத்தும் சுக்கானைப் பிடித்தும் பல மணி நேரம் போராடினார். அப்போதுதான் கடவுளை நோக்கிக் கூப்பிட்டார். ஆனால் கரை சேர்ந்த அதே ஆண்டிலேயே அவர் மீண்டும் ஓர் அடிமைக் கப்பலில் துணை அதிகாரியாக ஏறினார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் அவரே கப்பல் தலைவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்தளத்தில் மாலுமிகளுக்கு ஆராதனை நடத்தினார்; அதே வேளையில் கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டுக் கிடந்தார்கள். இந்த ஒரு காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1754இல் அவர் கடலை விட்டதும் மனச்சாட்சியால் அன்று; திடீரென நோயில் விழுந்ததால்தான். 1764இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்ற சிற்றூரில் பணியாற்றினார். நீங்கள் குறிப்பிட்ட பாடல் 1773 புத்தாண்டு ஆராதனைக்காக அங்கே எழுதப்பட்டது. அப்போதும் அடிமை வணிகத்தை எதிர்த்து அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கவில்லை. 1788இல்தான், தமது 63ஆம் வயதை நெருங்கும்போது, அந்த வணிகத்தின் கொடுமைகளைத் தாம் கண்டபடியே விவரித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். இந்த அறிக்கை காலம் கடந்து வருகிறது என்று அதில் அவரே ஒப்புக்கொண்டார். பிறகு நாடாளுமன்றத்தின் முன்பும் சாட்சியம் அளித்தார். பின்னர் அடிமை வணிக ஒழிப்புக்காக நாடாளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்ஸ், அதற்கு முன்பு அரசியலை விட்டுவிட எண்ணியபோது, அவரை அங்கேயே நிலைத்திருக்கச் சொன்னவரும் இவரே. 1807 மார்ச்சில் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அந்த டிசம்பரில் நியூட்டன் இறந்தார்.

அந்தப் புயல் நாளை அவர் ஆண்டுதோறும் தம்மைத் தாழ்த்திச் செபிக்கும் நாளாக அனுசரித்தார். அந்த நாளில் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் எண்ணியிருந்தால், ஆண்டுதோறும் அங்கே திரும்பிப் போயிருக்க மாட்டார் என்பது என் கருத்து.

மரியின் ஊழியன்

புனித அகுஸ்தினாரையும் நினைத்துப் பாருங்கள். 386இல் மிலான் நகரத் தோட்டத்தில், “எடுத்து வாசி” என்ற குரலைக் கேட்டு அவர் மனம் மாறியதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் சுமார் பத்து ஆண்டுகளுக்குப் பின், ஆயராக இருந்துகொண்டு எழுதத் தொடங்கிய தம் தன்வரலாற்றின் பத்தாம் பகுதியில், தம்மை இன்னமும் வருத்தும் சோதனைகளை ஒவ்வொன்றாக அவர் அறிக்கையிடுகிறார். மேலும், அவர் தனியாக மாறவில்லை. தாய் மோனிக்கா அழுது செபித்தார். நண்பர் அலிப்பியுஸ் அந்தத் தோட்டத்தில் உடன் இருந்தார். ஆயர் அம்புரோசியார் 387 உயிர்ப்புப் பெருவிழாவில் திருமுழுக்கு அளித்தார். உங்கள் போராட்டத்தை அறிந்தவர் ஒருவராவது அருகில் இருக்கிறாரா?

தாமிரபரணி

நியூட்டனைப் பற்றிப் பழைய ஏடு ஐயா சொன்ன சரித்திரம் சரியே. ஆனால் மாற்றம் மெதுவாகத்தான் வரும் என்பதை ஆறுதலாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நியூட்டன் மெதுவாக மாறிய அந்த ஆண்டுகளுக்கு விலை கொடுத்தவர் நியூட்டன் அல்லர், கீழ்த்தளத்தில் கிடந்தவர்கள்.

இதை ஒரு மகளாக எழுதுகிறேன். என் அப்பாவும் கோபக்காரர். கர்த்தர் தம்மை மாற்றினார் என்று ஆண்டுதோறும் சபையில் எழுந்து சாட்சி சொல்வார். பெண்கள் பக்கத்தில் அம்மாவும் நானும் தலைகுனிந்து அமர்ந்திருப்போம். எங்களிடம் அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. லூக்கா 19ஆம் அதிகாரத்தில், வரி வசூலிப்பவனான சகேயு தான் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துவதாகச் சொல்கிறான். அதற்குப் பிறகே, “இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது” என்று இயேசு சொல்கிறார். நீங்கள் கூட்டத்தில் அழுததை உங்கள் மகள் பார்த்தாளா, அண்ணா? அவளிடம் நேரில் ஏதேனும் சொன்னீர்களா?

காலைப்பனி

மூவருக்கும் நன்றி. தங்கையின் கேள்விக்கு விடை: இல்லை, சொல்லவில்லை. அதைப் படித்த பிறகு இரண்டு நாள் எதுவும் எழுத இயலவில்லை.

நேற்று இரவு மகளின் அறை வாசலில் நின்று, எந்த நாளில் என்ன சொன்னேன் என்பதை, எனக்கு நினைவிருந்தவரை மறைக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவள் அழவில்லை. “மறுபடியும் கத்தினால் என்ன செய்வீர்கள், அப்பா?” என்று கேட்டாள். என்னிடம் உடனே பதில் இல்லை. அவளுடைய பெரியப்பாவை, என் அண்ணனை, அழைத்து அவள் சொல்லலாம் என்றும், அதற்காக அவள்மேல் கோபப்பட மாட்டேன் என்றும் பிறகு சொன்னேன். இன்று காலை அண்ணனிடம் நானே போய் முழுவதையும் சொல்லிவிட்டு வந்தேன்.