ஓவன் இல்லாமல் முதல் கேக்: குக்கரை நம்பலாமா?

சிவகாசித் தம்பி:

வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஐம்பது வயது நிறைகிறது. எங்கள் பிறந்தநாள் ஒவ்வொன்றுக்கும் அம்மா பாயசம் வைத்துவிடுவார். அவருடைய பிறந்தநாளை வீட்டில் யாரும் கொண்டாடியதே இல்லை. இந்த முறை என் கையால் ஒரு கேக் செய்து, அவரை வெட்ட வைக்க வேண்டும் என்று ஆசை. பாட்டி முட்டை சேர்க்கமாட்டார், அதனால் முட்டை இல்லாத கேக்காக இருக்க வேண்டும்.

வீட்டில் ஓவன் கிடையாது. காஸ் அடுப்பும் 5 லிட்டர் அலுமினியக் குக்கரும் உண்டு. குக்கருக்குள் உப்பைக் கொட்டிச் சூடாக்கி கேக் செய்யும் வீடியோக்களைப் பார்த்தேன். ஒருவர் உப்பு என்கிறார், இன்னொருவர் மணல் என்கிறார், மற்றொருவர் எதுவுமே வேண்டாம் என்கிறார். தண்ணீர் ஊற்றாமல் குக்கரை அடுப்பில் வைப்பது ஆபத்தில்லையா? சூடு போதுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தராசும் இல்லை. டம்ளர் கணக்கில் யாராவது சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வேன்.

பாளையங்கோட்டை அக்கா:

தம்பி, அந்தக் குக்கரை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அம்மா அன்றாடம் சோறு பொங்கும் பாத்திரத்தை இதற்குப் பலி கொடுக்க வேண்டாம். குக்கர் நீராவிக்காகச் செய்த பாத்திரம். தண்ணீரோடு இருக்கும்போது உள்ளே ஏறக்குறைய 120 டிகிரிதான் இருக்கும். கேக்குக்கு 170, 180 டிகிரி உலர்ந்த சூடு வேண்டும். அந்தச் சூட்டில் வெறும் குக்கர் நெடுநேரம் காய்ந்தால் அடி வளைந்துபோகலாம். உப்பும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை, ஈரம் பட்டால் உலோகம் அரிக்கத் தொடங்கும்.

கேக் வேக, சுற்றிலும் சூடு நின்றால் போதும். அடி கனமான இண்டாலியம் சட்டியோ பழைய பிரியாணிப் பாத்திரமோ வீட்டுப் பரணில் கட்டாயம் இருக்கும், பாருங்கள். எங்கள் மாமியார் வீட்டில் ஓவன் வருவதற்கு முன்பு கிறிஸ்துமஸ் கேக் எல்லாமே அப்படித்தான். விறகடுப்பில் மணல் போட்ட சட்டி, அதன்மேல் தகரத் தட்டு, தட்டின்மேல் தணல். கீழும் மேலும் நெருப்பு இருந்ததால் கேக்கின் தலையும் பொன்னிறமாக வரும். காஸ் அடுப்பில் மேல்சூடு கிடைக்காது. மற்றதெல்லாம் கிடைக்கும்.

மணலையே நான் சொல்வேன். நாலைந்து தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்த மணல், சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு. ஈர மணல் ஆவி விட்டு கேக்கைக் கெடுத்துவிடும். மணல் கிடைக்கவில்லையென்றால் ஈரம் துளியும் இல்லாத தூள் உப்பு. கல் உப்பு வேண்டாம், சூட்டில் படபடவென்று வெடித்துத் தெறிக்கும். மணலின்மேல் ஒரு சிறு ஸ்டாண்டு வைத்து, அதன்மேல்தான் கேக் டின். டின்னின் அடி மணலைத் தொட்டால் அடி கருகும், நடு வேகாது. டின்னுக்கும் சட்டியின் சுவருக்கும் இடையே ஒரு அங்குல இடைவெளியாவது வேண்டும். நான்ஸ்டிக் சட்டியை மட்டும் இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். வெறுமனே அதிகம் காய்ந்தால் அதன் பூச்சு கெட்டுப்போகும், அந்தப் புகையும் நல்லதில்லை.

சூடு பார்க்க ஒரு பழைய வழி உண்டு. மூடி போட்டு மிதமான தீயில் பத்துப் பதினைந்து நிமிடம் காயவைத்த பிறகு, ஒரு சிறு எவர்சில்வர் தட்டில் மைதாவை மெல்லியதாகத் தூவி ஸ்டாண்டின்மேல் வைத்து மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் மாவு இளம் பழுப்பானால் சூடு சரி. வெள்ளையாகவே இருந்தால் இன்னும் காய வேண்டும். கருத்தால் தீயைக் குறைத்துச் சற்று ஆறவிட வேண்டும்.

கணக்கு இது. ஒரு டம்ளர் மைதாவுக்கு அரை டம்ளர் பொடித்த சர்க்கரை, முக்கால் டம்ளருக்குச் சற்றுக் குறைவாகக் கெட்டித் தயிர், மூன்றில் ஒரு பங்கு டம்ளர் வாசனையில்லாத எண்ணெய். பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட. ஒரு சிட்டிகை உப்பு, அரை டீஸ்பூன் வெனிலா எசன்ஸ். 6 அங்குல வட்ட டின்னுக்கு இது போதும். மைதா, பவுடர், சோடா, உப்பு நான்கையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். தயிர், சர்க்கரை, எண்ணெய், எசன்ஸைத் தனியே கலக்குங்கள். சட்டி காய்ந்து, டின்னில் எண்ணெய் தடவி அடியில் பட்டர் பேப்பர் போட்ட பிறகுதான் இரண்டையும் ஒன்றுசேர்க்க வேண்டும். மாவு கண்ணுக்குத் தெரியாமல் கலந்த அந்த நொடியில் கையை நிறுத்திவிடுங்கள். தோசை மாவுபோல அடித்தால் கேக் இறுகிவிடும்.

விருதுநகர் ஆசிரியர்:

அக்கா சொல்லும் வரிசைக்கு வேதியியல் காரணம் இருக்கிறது. சோடா தயிரின் புளிப்பைத் தொட்டதுமே கரியமில வாயுவை விடத் தொடங்கும். கலந்துவிட்டுப் பாத்திரத்தை அரை மணி நேரம் வைத்திருந்தால் வாயு வெளியேறிவிடும், கேக் எழும்பாது. பேக்கிங் பவுடரில் அமிலம் உலர்ந்த நிலையில் ஏற்கெனவே கலந்திருக்கிறது. கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை ஈரம் பட்டபோது ஒரு முறையும் சூட்டில் மறுமுறையும் வாயு விடுபவை. இன்னும் உப்பட்டும் என்று சோடாவைக் கூட்டிவிடாதீர்கள். தயிரின் புளிப்புக்கு மிஞ்சிய சோடா சோப்புச் சுவையாக நாக்கில் நிற்கும். பேக்கிங் பவுடர் பழையதாக இருந்தால் ஒரு ஸ்பூன் வெந்நீரில் போட்டுப் பாருங்கள், நுரைத்துப் பொங்கினால் உயிர் இருக்கிறது.

குக்கர் விஷயத்தில் எனக்குச் சற்று மாற்றுக் கருத்து உண்டு. சமையலுக்குப் பயன்படாத பழைய குக்கர் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மூடியில் காஸ்கெட்டும் வெயிட்டும் கட்டாயம் இருக்கக் கூடாது. காஸ்கெட்டின் ரப்பர் அந்தச் சூட்டில் விரிசல் விட்டுக் கெட்டுப்போகும். ஆவி வெளியே போகவும் வழி வேண்டும்.

சிவகாசித் தம்பி:

இருவருக்கும் மிகவும் நன்றி. பரணில் தாத்தா காலத்து இண்டாலியம் பாத்திரம் ஒன்று கிடைத்தது, நல்ல கனம். மணலும் பக்கத்துத் தெருவில் கிடைத்தது, அலசிக் காயப்போட்டிருக்கிறேன். ஆனால் பாத்திரத்தின் மூடி தட்டையானது. ஆவி நீராகி கேக்கின்மேல் சொட்டாதா? வெந்துவிட்டதா என்று எப்போது திறந்து பார்க்கலாம்? மேல்சூடு கிடைக்காது என்றீர்களே, அப்படியானால் கேக்கின் மேல்பக்கம் வெளுப்பாகவே இருக்குமே, அதற்கு வழி உண்டா?

பாளையங்கோட்டை அக்கா:

சொட்டும், நல்ல கேள்வி. மூடியின் உள்பக்கத்தில் ஒரு பருத்தித் துணியை விரித்து, நான்கு முனைகளையும் மேலே தூக்கிக் கைப்பிடியில் இறுக்கி முடிந்துவிடுங்கள். துணியின் ஓரம் ஒன்றுகூடக் கீழே தொங்கக் கூடாது, அடுப்பு நெருப்பு பக்கத்திலேயே இருக்கிறது.

டின்னை உள்ளே வைத்ததும் தீயைச் சிம்முக்குக் கொண்டுவாருங்கள். முதல் அரை மணி நேரம் மூடியில் கை வைக்கக் கூடாது. உள்ளே மாவு குமிழியும் ஈரமுமாக எழும்பிக்கொண்டிருக்கும். அப்போது குளிர்காற்று பட்டால் நடு பொத்தென்று இறங்கிவிடும், பிறகு அதை எழுப்ப முடியாது. மூக்கை நம்புங்கள். முதலில் தயிர் வாசனை வரும், பிறகு வெனிலா, கடைசியாக பிஸ்கட் கடை வாசலில் வரும் அந்த வறுத்த மாவு வாசனை. அது வந்தபின் திறந்து பாருங்கள். கேக்கின் விளிம்பு டின்னை விட்டு நூலிழை விலகியிருக்கும், நடுவில் விரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் திரும்ப எழும்பும். சுத்தமான ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுங்கள். ஈர மாவு ஒட்டியிருந்தால் மூடிவிட்டு இன்னும் ஐந்து நிமிடம் வேகவிடுங்கள். பொதுவாக 35 முதல் 45 நிமிடத்தில் வெந்துவிடும்.

மேல்பக்க வெளுப்புக்கு எளிய வழி, கேக்கைக் கவிழ்த்து வைப்பதுதான். பத்து நிமிடம் டின்னிலேயே ஆறவிட்டு, ஓரத்தில் கத்தியை ஒரு சுற்று விட்டுத் தட்டில் கவிழ்த்து, பேப்பரை உரித்துவிடுங்கள். அடிப்பக்கம்தான் பொன்னிறமாக இருக்கும், அதுவே மேலே வந்துவிடும். தட்டையாகவும் இருக்கும், அம்மா பெயரை எழுத வசதி.

சனிக்கிழமை மாலையிலேயே செய்துவிடுங்கள். எண்ணெயும் தயிரும் சேர்ந்த கேக் மறுநாள் இன்னும் மெத்தென்று இருக்கும். முழுவதும் ஆறிய பிறகு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பிரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும், வெளியிலேயே இருக்கட்டும். மணலை ஆறவிட்டு ஒரு டின்னில் போட்டு எடுத்து வையுங்கள், அடுத்த கேக்குக்கு அதே மணல் போதும்.