பல்கலைக்கழக லேப்பில் யூசபிலிட்டி டெஸ்டிங்: எங்கள் அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

ஓர் ஆப்பை அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் கையிலேயே கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பதுதான் யூசபிலிட்டி டெஸ்டிங். அதற்கான லேப் பற்றிக் கேட்பவர்கள் முதலில் கருவிகளைத்தான் கேட்கிறார்கள். பார்வை எங்கே போகிறது என்று காட்டும் ஐ டிராக்கர் இருக்கிறதா, ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்க முடிகிற ஒருவழிக் கண்ணாடி இருக்கிறதா, எத்தனை கேமரா. என்னைக் கேட்டால், கண்ணாடிக்குப் பின்னால் எத்தனை நாற்காலி போடலாம் என்று கேளுங்கள் என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

நாங்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்கு ஆப் செய்யும் சின்ன நிறுவனம். குழுவை நடத்தும் ஊக்குநரும் பிரதிநிதியும் நோட்டில் எழுதி வைக்கிற சேமிப்பு, உள்கடன், வட்டி, தீர்மானம் எல்லாம் போனுக்கு வர வேண்டும். சொந்தமாக லேப் வைக்கும் அளவுக்கு வசதி கிடையாது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் நல்ல லேப் சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம்.

கல்யாண மண்டபம் மாதிரி முன்பணம் கட்டிச் சாவி வாங்குகிற விஷயம் இல்லை அது. ஒரு பேராசிரியர் தன் பெயரில் ஆலோசனைத் திட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பு துறைத் தலைவரிடம் போய், பதிவாளர் அலுவலகம் போய்த் திரும்பி வர வேண்டும். கட்டணத்துக்கு மேல் 18% ஜிஎஸ்டி. செமஸ்டர் தேர்வு நேரமென்றால் மறந்துவிடலாம், மாடரேட்டராக, அதாவது எதிரே உட்கார்ந்து சோதனையை நடத்துபவராக, இருக்க வேண்டிய மாணவர்களே தேர்வு எழுதப் போயிருப்பார்கள். இன்னொன்று, அந்த மாணவர்கள் இதைத் தங்கள் ஆய்வேட்டில் சேர்க்கக் கேட்பார்கள். நாங்கள் ஒப்புக்கொண்டோம், நிறுவனத்தின் பெயரும் ஆப்பின் பெயரும் வரக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஆய்வேட்டில் வருகிறது என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டியிருக்கும், அதற்கும் நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஆட்களைப் பற்றித் துறையில் பேசியபோது, "நம்ம பசங்க பத்துப் பேரை நாளைக்கே வரச் சொல்லிடலாம் சார்" என்றார்கள். பல்கலைக்கழக லேப்பில் பெரிய ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். ஆள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், செலவில்லை, சொன்ன நேரத்துக்கு வருவார்கள். ஆனால் இருபது வயது பொறியியல் மாணவனுக்குப் புரிவது எங்கள் ஊக்குநர் அக்காவுக்குப் புரியும் என்று எதை வைத்துச் சொல்வது? காஞ்சிபுரம் பக்கத்தில் மகளிர் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு ஒன்றிடம் பேசி, வேன் வைத்து, ஒரு நாள் கூலியும் மதியச் சாப்பாடும் கொடுத்து அழைத்து வந்தோம். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குள் வீடு திரும்பியாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அதற்கேற்றபடி அட்டவணை போட்டோம்.

லேப் இரண்டு அறை. ஒன்றில் மேஜை, போனுக்கு ஒரு ஸ்டாண்ட், மேலிருந்து விரலைப் படம் பிடிக்கும் கேமரா. அடுத்தது இருட்டறை, நாங்கள் உட்காருவது. ஒருவழிக் கண்ணாடி என்பது வெளிச்ச வித்தியாசத்தில் வேலை செய்கிற சங்கதிதான். இந்தப் பக்கம் யாராவது வாட்ஸ்அப் பார்த்தால் அந்த வெளிச்சம் கண்ணாடியில் மெல்லத் தெரியும். போனையெல்லாம் வாசலிலேயே ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார் லேப் உதவியாளர். கண்டிப்பான மனிதர், எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்பது இந்தச் சோதனைகளில் வழக்கமான முறை. முதலில் வந்த அம்மா வாயே திறக்கவில்லை. தெரியாத அறை, ஏசி, எதிரே படித்த பெண், மேலே கேமரா. யார்தான் பேசுவார்? அப்புறம் ஒரே குழுவைச் சேர்ந்த இருவரைச் சேர்த்து உட்கார வைத்தார்கள். உடனே அறை கலகலவென்று ஆகிவிட்டது. "அதை ஏன் அமுக்குற, போன மாசப் பாக்கி அதுல இருக்கு பாரு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதானே எங்களுக்கு வேண்டியது.

எங்கள் திரையில் வலது கீழ் மூலையில் வட்டமாக ஒரு பிளஸ் பட்டன் இருந்தது. புதிய பதிவு சேர்க்க. உலகத்தில் பாதி ஆப்பில் இருப்பதுதான். ஓர் அக்கா சேமிப்புத் தொகை 200 என்று அடித்தார், பிளஸ்ஸை அமுக்கினார், அடுத்து இன்னொரு 200 அடிக்கக் காத்திருந்தார். கணக்குப் புத்தகத்தில் பிளஸ் என்றால் கூட்டல். வேறு என்னவாக இருக்க முடியும்? அங்கே புதிய பதிவு திறந்ததும் திடுக்கிட்டு, போனை மேஜையில் வைத்துவிட்டு, பையிலிருந்து தன் நோட்டை எடுத்துப் பேனாவால் கூட்ட ஆரம்பித்தார். அடுத்து வந்த ஜோடியும் அதையே செய்தது.

இருட்டறையில் என் பக்கத்தில் இருந்தவர் அந்தப் பட்டனுக்காகப் பல கூட்டங்களில் வாதாடிய டெவலப்பர். அறிக்கையில் இதே விஷயத்தைப் பத்து பக்கம் எழுதிக் கொடுத்திருந்தால் பதினோராவது பக்கத்தில் பதில் எழுதியிருப்பார். கண்ணாடி வழியாக அந்த நோட்டும் பேனாவும் வெளியே வருவதைப் பார்த்ததும் பேசாமல் குறிப்பு எழுத ஆரம்பித்தார். மறுநாள் "புது வரவு எழுத" என்று சொற்களோடு பட்டன் வந்துவிட்டது. யாரும் மீட்டிங் போடவில்லை. நான் நாற்காலி என்றது இதைத்தான்.

ஐ டிராக்கரும் இருந்தது. அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் பட வைத்துப் பார்வை எங்கே போகிறது என்று கணக்கிடும் கருவி. இருபார்வைக் கண்ணாடி போட்டவர்களுக்கும் கண்மை அடர்த்தியாகத் தீட்டியவர்களுக்கும் கேலிப்ரேஷன், அதாவது கருவியை அவரவர் கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்வது, பாடாய்ப் படுத்தியது. வண்ண வண்ணமாக வரைபடம் வந்தது, அலுவலகத்தில் எல்லோரும் ரசித்தார்கள். முடிவெடுக்க உதவியது என்று சொல்ல மாட்டேன்.

எத்தனை பேர் போதும் என்பது அடுத்த கேள்வி. ஐந்து பேர் என்று எல்லோரும் சொல்வது 1993இல் நீல்சன், லாண்டவர் என்ற இரு ஆய்வாளர்கள் போட்ட கணக்கிலிருந்து வருகிறது. ஒருவரைச் சோதித்தால் சராசரியாக 31% குறைகள் தெரியும், அப்படியே போனால் ஐந்தாவது ஆளில் 85% அளவுக்கு வந்துவிடும். ஆனால் அந்த 31% எல்லா ஆப்புக்கும் பொருந்தும் எண் அல்ல, ஐவரும் ஏறக்குறைய ஒரே வகை ஆட்களாகவும் இருக்க வேண்டும். எங்களிடம் போனில் பணம் அனுப்பத் தெரிந்த ஊக்குநர்களும் இருந்தார்கள், வாய்ஸ் மெசேஜ் மட்டுமே அனுப்பும் உறுப்பினர்களும் இருந்தார்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாக அழைத்தோம்.

சரி, மற்றவர்களும் எழுதுங்கள்.

முன்னாள் லேப் மாணவி ஒருவர்:

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மாடரேட்டராக உட்கார்ந்தவள். வேறு ஊர், வேறு பல்கலைக்கழகம். உங்களுக்கு வாய்த்தது நல்ல டெவலப்பர். எனக்கு இருட்டறையிலிருந்து இயர்போனில் ஓயாமல் குரல் வரும்: "வலது பக்கம் இருக்கு, பார்க்கச் சொல்லுங்க." நான் சொல்லவே மாட்டேன். "நீங்க என்ன எதிர்பார்க்குறீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு மௌனமாக இருப்பேன். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் இந்த வேலையில் கற்றுக்கொள்ள வேண்டியது.

ஒரு விஷயம் சேர்க்கிறேன். கடைசியில், பயன்படுத்த எளிதாக இருந்ததா என்று மதிப்பெண் போடும் பத்துக் கேள்வி உள்ள எஸ்யுஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) படிவம் கொடுப்பார்கள், ஜான் புரூக் 1986இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கியது. ஒற்றைப்படைக் கேள்விகள் பாராட்டாகவும் இரட்டைப்படைக் கேள்விகள் குறையாகவும் இருக்கும். நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் கேள்வியை முழுக்கப் படிக்காமல் வரிசையாக "முழுவதும் ஒப்புக்கொள்கிறேன்" என்று டிக் போட்டுவிடுவார்கள், மரியாதைக்காக. எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை போட்டால், அது எந்த விடையாக இருந்தாலும், மதிப்பெண் சரியாக 50 வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் அறிக்கையில் 50கள் குவிந்திருந்தால் ஆப்பைத் திட்டுவதற்கு முன் படிவங்களை எடுத்துப் பாருங்கள். நான் வாய்மொழியாக ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்வேன்.

டொரொன்டோவிலிருந்து ஒருவர்:

நான் பங்கேற்பாளராகப் போனவன். இங்கே படிக்க வந்த புதிதில், நூலக இணையதளத்தைச் சோதிக்க ஆள் தேவை, பரிசு அட்டை தருவோம் என்று நோட்டீஸ் பார்த்துப் போனேன். கையெழுத்து வாங்கும்போது, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், போனாலும் அட்டை உங்களுக்குத்தான் என்றார்கள். "நாங்கள் உங்களைச் சோதிக்கவில்லை, தளத்தைத்தான் சோதிக்கிறோம்" என்றும் சொன்னார்கள். இருந்தாலும் கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் எனக்குப் பரீட்சை மண்டபம்தான் ஞாபகம் வந்தது. தேடியது கிடைக்காதபோதும் "ரொம்ப எளிது" என்று சொல்லிவிட்டு வந்தேன். அட்டை கொடுத்தவர்களிடம் எப்படிக் குறை சொல்வது?

பெங்களூருவிலிருந்து ஒருவர்:

மேலே டொரொன்டோக்காரர் சொன்னதை ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். 2012இல் வெளிவந்தது, நிக்கோலா டெல் என்ற ஆய்வாளரின் குழுவினர் பெங்களூருவில் மாணவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் என்று 450 பேரிடம் கேட்டு எழுதியது. ஒரே மாதிரியான இரண்டு தயாரிப்புகளைக் காட்டி, ஒன்று கேள்வி கேட்பவர் செய்தது என்று தெரியவிட்டால், அதுதான் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள் ஏறத்தாழ 2.5 மடங்கு. கேட்பவர் மொழிபெயர்ப்பாளருடன் வந்த வெளிநாட்டவர் என்றால் 5 மடங்கு. அதனால் எங்கள் குழுவில் யாரும் "இது நாங்க செஞ்சது" என்று வாயைத் திறப்பதில்லை. பல்கலைக்கழக மாணவர்கள் மாடரேட் செய்வதில் இந்த லாபம் உண்டு. "இது வேற கம்பெனியோடது, நீங்க திட்டினாலும் எனக்கு ஒண்ணும் இல்லை" என்று அவர்கள் உண்மையாகவே சொல்லலாம்.

யூசபிலிட்டி நிபுணர் அபலா லாஹிரி சவான் சொன்ன 'பாலிவுட் முறை'யையும் முயன்று பாருங்கள். விமான டிக்கெட் பதிவு செய்யுங்கள் என்று வெறுமனே சொல்லாமல், உங்கள் தங்கை மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை கூலிக்கு ஆளைக் கொல்பவன், ஏற்கெனவே கல்யாணமானவன், உடனே போய் நிறுத்தியாக வேண்டும் என்று கதை கட்டிவிடுவது. பங்கேற்பவர் கதைக்குள் போய்விட்டால் தளம் இழுக்கும்போது வாய்விட்டுத் திட்டுவார். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

மதுரையிலிருந்து ஒருவர்:

இவ்வளவு பாடு எதற்கு? குழுக் கூட்டம் நடக்கிற திண்ணைக்கே போய் உட்கார்ந்திருக்கலாமே. வேன் செலவும் மிச்சம், ஜிஎஸ்டியும் மிச்சம்.

முதலில் எழுதியவர்:

மதுரைக்காரருக்கு: போனோம், லேப்புக்கு அப்புறம். திண்ணையில் தெரிந்தது லேப்பில் தெரியாது என்பது உண்மை. நெட்வொர்க் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார்கள், ஒரே போனை மூன்று பேர் கைமாற்றினார்கள், பணத்தை எண்ணி முடிக்கும்வரை ஆப்பை யாரும் தொடவே இல்லை. ஆனால் எங்கள் டெவலப்பர் கூட்டம் முழுவதையும் அந்தத் திண்ணைக்குக் கூட்டிப் போயிருந்தால் அங்கே குழுக் கூட்டம் நடந்திருக்காது, எங்களுக்கு உபசாரம்தான் நடந்திருக்கும். ஊருக்கு இரண்டு பேர் போகலாம். மற்றவர்கள் பார்க்க இருட்டறை வேண்டும்.

தனிச்செய்தியில் ஒப்புதல் படிவம் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்குள். மாணவி அதை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். முகம் படமாவது, குரல் பதிவாவது, ஆய்வேட்டில் வருவது ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம். மூன்றாவதற்கு மட்டும் சிலர் வேண்டாம் என்றார்கள், அவர்களுடைய பதிவை மாணவர்கள் தொடவில்லை. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வசதி தர வேண்டும் என்று இருக்கிறது, தமிழ் அதில் உண்டு. இன்னொன்று: வீடியோக்களை ஹார்ட் டிஸ்க்கில் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, லேப் கணினியில் மீதி இருக்கும் பிரதியை யார், எந்தத் தேதிக்குள் அழிப்பார்கள் என்று பேராசிரியரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்த மாதிரியில் இது இருக்காது, நீங்கள்தான் கேட்டுச் சேர்க்க வேண்டும்.