கைநாட்டு

நான் பீங்கானில் வரையக் கற்றுக்கொண்டது ஆறேழு பேர் மட்டும் கூடும் ஒரு சின்னக் குழுவில். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு மின்சூளை. அது நிறைந்தால்தான் மூட்டுவார்கள், அதனால் ஒருத்தர் சோம்பினால் மற்றவர்கள் வேலையும் காத்துக் கிடக்கும். சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. முதல் நாள் ஒரு வெள்ளைத் தட்டைக் கையில் கொடுத்து, "மொதல்ல இதைப் பிடிக்கக் கத்துக்கோ, அப்புறம் வரையலாம்" என்றார். எனக்கு அது அதிகப்படியாகத்தான் பட்டது.

நிறப்பொடியைக் கண்ணாடிப் பலகையில் எண்ணெய் விட்டுக் குழைக்க வேண்டும். எண்ணெய் கூடினால் வழியும், குறைந்தால் பிரஷ் நகராது. இரண்டு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்டால் சீக்கிரம் காயாது. வழவழவென்று கண்ணாடி மாதிரி மெருகுப் பூச்சு ஏறிய பீங்கான் மேல் வரைவதால் தப்பு வந்தால் துணியால் துடைத்துவிடலாம், சூளைக்குள் போகும் வரைதான் அந்தச் சலுகை.

நிறங்கள்தான் ஆட்டம் காட்டும். ரோஜா நிறப் பொடியில் இருப்பது தங்கம், சூடு குறைந்தால் பழுப்படிக்கும், கூடினால் ஊதாப் பக்கம் போய்விடும். இரும்புச் சிவப்பை மெல்லிசாகப் பூசினால் சூளையிலேயே கரைந்து காணாமல் போகும், நான் ஒரு மொட்டையே அப்படித் தொலைத்திருக்கிறேன். ஒரு பூவுக்கு மூன்று நான்கு தடவை சுட வேண்டியிருக்கும், ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட 800 டிகிரி செல்சியஸ். சூளை தானாக ஆறும் வரை மூடியில் கை வைக்கக் கூடாது, அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதே அதனிடம் தோற்றுவிடும்.

தங்க விளிம்பு கடைசியில்தான். பூசும்போது அது தங்கமாகவே இருக்காது, பழுப்பாகக் கருப்பட்டிப் பாகு மாதிரி இருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினேன். சூளை ஆறி, தட்டை எடுத்தால் விளிம்பு ஜொலிக்கிறது. திருப்பினால் அடிப்பக்கத்தில் என் கட்டைவிரல், ரேகையெல்லாம் எண்ணலாம் போல, ஊதா நிறத்தில்! விரலில் ஒட்டியிருந்த தங்கம் கண்ணுக்கே தெரியவில்லை, மெல்லிய படலமாகச் சுட்டால் அது ஊதாவாகிவிடுமாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "அடியில கையெழுத்து போடுன்னா, கைநாட்டு வச்சிருக்கியேடி" என்றார்.

•

உங்களைப் போல நான் வரைபவன் இல்லை, வாங்கி ஏமாந்தவன். கைவேலை என்று நம்பி ஒரு பழைய தட்டை வாங்கி, வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இலை முழுக்கப் புள்ளி புள்ளியாக அச்சு. கையால் வரைந்ததில் பிரஷ் அழுத்திய இடம் அடர்த்தியாகவும் எடுத்த இடம் மெலிந்தும் தெரியும், இரண்டு இலை ஒரே மாதிரி இருக்காது. கோடு மட்டும் அச்சடித்து உள்ளே கையால் நிறம் நிரப்புவதும் உண்டு, அதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம்.

துடைக்கலாம் என்றீர்களே, கோபால்ட் நீலத்தை மெருகுக்கு அடியில் வரைபவர்களுக்கு அதுவும் கிடையாது. மெருகேற்றாத பீங்கான் மை ஒற்றும் தாள் மாதிரி உறிஞ்சிக்கொள்ளும், வைத்தது வைத்ததுதான். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1775-இல் தொடங்கிய பட்டறையின் நீலப்பூத் தட்டுகள் அந்த வகை. ஹங்கேரியில் ஹெரெண்ட் என்கிற சின்ன ஊரில் 1826-இல் ஆரம்பித்த பட்டறையிலும் இன்றுவரை கையால்தான் வரைகிறார்கள்.

இன்னொன்று, தங்க விளிம்பு போட்டதை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். பொறி பறக்கும், பட்டவன் சொல்கிறேன். சரி, அந்தக் கைநாட்டுத் தட்டு என்ன ஆயிற்று?

•

அந்த அம்மாவே வைத்துக்கொண்டார். புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் அதைத்தான் கையில் கொடுக்கிறார், திருப்பிப் பார்க்கச் சொல்லி.