கூலன்ட் பாட்டில் வழியுது, ரேடியேட்டர் குறையுது: ஹெட் கேஸ்கெட் தானா?

நாலு_சிலிண்டர்
1.3 லிட்டர் பெட்ரோல், கார்புரேட்டர் வண்டி, வயசு 20-க்கு மேல். டிராஃபிக்கில் நின்று நின்று போனால் டெம்பரேச்சர் ஊசி முக்கால் வரை ஏறுகிறது, ரேடியேட்டரோடு இணைந்த பாட்டிலில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) பொங்கி வழிகிறது. காலியான ரோட்டில் 80-ல் போனால் ஊசி பாதிக்கு இறங்கிவிடும். காலையில் பார்த்தால் ரேடியேட்டரில் அரை லிட்டர் குறைவு, பாட்டிலோ விளிம்பு வரை நிறைந்திருக்கிறது. இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தம், வெள்ளைப் புகையும் இல்லை. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டைக் கழற்றணும் என்கிறார் மெக்கானிக். தெர்மோஸ்டாட்டை (சூடேறினால் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) எடுத்துவிட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். எதில் ஆரம்பிப்பது?

ஸ்பேனர்_12
ஹெட்டைத் தொடாதீங்க. நீங்க சொன்னதிலேயே விடை பாதி இருக்கு: சப்பிப்போன ஹோஸ்.

ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வு. பெரிய ஸ்பிரிங் உள்ளது அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். மூடி மேல் 0.9 என்று இருந்தால் 0.9 பார், 13 என்று இருந்தால் பிஎஸ்ஐ. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். 0.9 பார் அழுத்தத்தில் சுமார் 125 வரை தாங்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் அந்த 18 டிகிரி போச்சு, இன்ஜின் சாதாரணச் சூட்டில் இருக்கும்போதே பொங்கும்.

நடுவில் இருக்கும் சின்னத் தட்டு எதிர்த்திசை வால்வு. இன்ஜின் ஆறும்போது பாட்டிலுக்குப் போன கூலன்டை அதுதான் திரும்ப உள்ளே விடணும். அது ஒட்டிக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஹோஸ் சப்பும், பாட்டில் நிறைஞ்சே நிற்கும். உங்க கேஸ் அப்படியே இதுதான். பாட்டிலுக்குப் போகும் சின்ன டியூபில் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போயிருக்கும், ஹோஸ் சப்பாது. அதனால் காரணம் ஓட்டை இல்லை. டியூப் மடங்கியோ அடைத்தோ இருக்கான்னு மட்டும் ஊதிப் பாருங்க.

இன்ஜின் முழுசா ஆறின பிறகு மூடியைத் திறந்து அந்தச் சின்னத் தட்டை நகத்தால் இழுத்துப் பாருங்க. லேசா வந்து, விட்டதும் திரும்ப உட்காரணும். சந்தேகம் இருந்தால் யோசிக்காம மூடியை மாத்துங்க, அதே அழுத்த எண்ணில்தான். கூடுதல் அழுத்த மூடி போட்டால் பழைய ஹோஸும் ஹீட்டர் கோரும் (ஹீட்டருக்கான சின்ன ரேடியேட்டர்) தான் முதலில் வெடிக்கும்.

பெல்ட்_சத்தம்
மூடி சரி, ஆனால் ஊசி ஏன் ஏறுது? அது வேற கோளாறு. ஓட்டத்தில் ஆறுது, நின்றால் ஏறுதுன்னா ஃபேன்தான். ரேடியேட்டரோ வாட்டர் பம்போ அடைப்பா இருந்தா வேகமா போகும்போதும் ஏறணும்.

ரேடியேட்டரில் இரண்டு ஒயர் உள்ள ஃபேன் ஸ்விட்ச் இருக்கும். கனெக்டரைக் கழற்றி, இக்னிஷன் ஆன் பண்ணி, கனெக்டரில் உள்ள இரண்டு ஒயரையும் ஒரு துண்டு கம்பியால் இணைச்சுப் பாருங்க. கை ஃபேன் பக்கம் வேண்டாம். ஃபேன் ஓடினால் ஸ்விட்ச் போச்சு. ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, அப்புறம் மோட்டாருக்கு நேரா பேட்டரி கரண்ட். ஸ்விட்ச் மேல் 95-90 மாதிரி எண் இருக்கும்: 95-ல் ஆன், 90-ல் ஆஃப். (ஒயர் இன்ஜெக்ஷன் கம்ப்யூட்டருக்குப் போகும் வண்டிகளில் இப்படி இணைக்கக் கூடாது. உங்களுடையது கார்புரேட்டர், பிரச்சினை இல்லை.)

தெர்மோஸ்டாட்டை எடுக்காதீங்க. சில இன்ஜின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். எடுத்துட்டா கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாம உள்ளேயே சுத்தி, இன்னும் சூடாகும். சந்தேகம்னா தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோட சூடு பண்ணுங்க. 82 என்று அடித்திருந்தால் அந்த வாக்கில் திறக்க ஆரம்பிச்சு 95-க்குள் முழுசா திறக்கணும்.

கறுப்பு_கிரீஸ்
இரண்டும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சூடேறி ஓடிய வண்டி, கேஸ்கெட்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆயில் சுத்தமாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. சிலிண்டரிலிருந்து கூலன்ட் வழிக்கு மட்டும் கசிந்தால் ஆயிலில் எதுவும் தெரியாது.

ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து, கழுத்து வரை ஊற்றி, ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் நாலைந்து குமிழி வந்து நின்றால் தங்கியிருந்த காற்று. நிற்காமல் வந்து, ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் எரிந்த வாயு. மூடி போட்ட நிலையில், ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதுவே. அவ்வளவு சீக்கிரம் வெறும் சூட்டால் அழுத்தம் வராது. வாயுக் கசிவு இருந்தால் மறுநாள் காலையிலும் ஹோஸ் விறைப்பாகவே இருப்பது வழக்கம், உங்களுடையது சப்பியிருக்கிறது. லோடில் மட்டும் கசியும் சின்ன விரிசல் இதில் தப்பலாம். அதற்கு பிளாக் டெஸ்ட் (கூலன்டில் எரிந்த வாயு இருக்கிறதா என்று நிறத்தால் காட்டும் சோதனை): கழுத்திலிருந்து கூலன்டை 5 செ.மீ. இறக்கிவிட்டு, சூடான இன்ஜினில் நீல திரவம் வழியாக ஆவியை இழுக்க வேண்டும். மஞ்சளானால் ஹெட்டைக் கழற்றலாம்.

நாலு_சிலிண்டர்
நடுத் தட்டு பழுப்புச் சேற்றில் ஒட்டியிருந்தது. ஒயரை இணைத்ததும் ஃபேன் ஓடியது. குமிழி நின்றுவிட்டது, ஹோஸ் சீக்கிரம் இறுகவில்லை. மூடியும் ஸ்விட்சும் வாங்கியாச்சு. ஊற்றும்போது கவனிக்க வேண்டியது?

ஸ்பேனர்_12
அந்தச் சேறு மறுபடி மூடியில் ஏறும். பழைய கூலன்டை முழுசா இறக்கி, தெளிவா வரும்வரை தண்ணீர் விட்டு அலசுங்க. பிறகு கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும்.

வண்டி மூக்கு மேலே இருக்கட்டும். ஹீட்டர் முழுச் சூட்டில், மூடி திறந்தபடி ஐடிலில் ஓடட்டும். மேல் ஹோஸை அவ்வப்போது பிழிஞ்சுவிடுங்க, சூடா இருக்கும், கையுறை போட்டுக்கோங்க. மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்க. ஃபேன் இரண்டு முறை ஓடி நின்றதும் மூடியைப் போடலாம். பாட்டிலில் ஆறின நிலையில் மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவில். 6 லிட்டர் கூலன்ட் சூட்டில் கால் லிட்டர் வரை விரியும். விளிம்பு வரை ஊற்றினால் நல்ல வண்டியிலும் வழியத்தான் செய்யும்.